முடிந்து வைத்த காசும் ஒரு ஸ்டார் ஸ்க்ரூவும்

ஸ்டார் ஸ்க்ரூவைக் கண்டுபிடித்த புண்ணியவான் என் கையில் சிக்கினால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். மைனஸ் ஸ்க்ரூ என்றால் தலையில் ஒரே ஒரு கோடு, அவ்வளவுதான். திருப்புளி இல்லையென்றால் கத்தி முனை. கத்தியும் இல்லையென்றால் நகவெட்டி, சாவி, இரும்பு ஸ்கேல், கையில் எது அகப்படுகிறதோ அது. ஸ்டாருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அதனதன் அளவுக்கு ஏற்ற திருப்புளிதான் வேண்டும். கொஞ்சம் சின்னதைப் போட்டால் உள்ளே வழுக்கிக்கொண்டு சுற்றும். நாலு தடவை வழுக்கினால் பிளஸ் குறி அழிந்து வெறும் குழியாகிவிடும். அதற்கப்புறம் கெஞ்சினாலும் அசையாது. எல்-கீ போட்டுத் திருப்புகிற ஆறுமூலை போல்ட் ஒன்று இருக்கிறது. நல்ல பிள்ளைதான், லேசில் வழுக்காது. ஆனால் அந்த எல்-கீ எங்கே என்று தேடுவதற்குள் விடிந்துவிடும்.

ஒரு பொம்பளைக்கு ஸ்க்ரூ தலையைப் பற்றி இவ்வளவு என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். என் வலது கால் நிற்பதே ஒரு ஸ்க்ரூவில்தான்.

கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோ அந்தக் காலைச் சூம்பவைத்துவிட்டுப் போனது. விவரம் தெரிந்த நாளிலிருந்து காலிபர்தான். தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நடுநடுவே தோல் வார், கீழே கல்லு மாதிரி ஒரு பூட்ஸ். முழங்கால் மடங்குகிற இடத்தில் ஒரு கீல், கீலுக்கு மேல் ஒரு வளையம். எழுந்து நின்றால் வளையம் இறங்கிக் கீலைப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமென்றால் கையால் தூக்கிவிட வேண்டும். அந்தக் கீலைப் பிடித்து நிறுத்துவது ஒரு ஸ்க்ரூ. அது ஆடினால் பூட்டு விழாது. பூட்டு விழவில்லையென்றால் நான் விழுவேன்.

கடல் உள்ளே வந்த அந்த 2004-ஆம் வருஷம்தான் எனக்குச் சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. வீடு கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில். காலையில் போய் மாலையில் திரும்புகிற பஸ் பிழைப்பு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று அந்த ரோட்டில் அப்போது இருந்த பள்ளங்களுக்கெல்லாம் என் முழங்கால் ஸ்க்ரூவோடு நேரடிப் பகை. ஊர் வருவதற்குள் அது கழன்று ஆட ஆரம்பித்துவிடும். நானும் விடமாட்டேன். பர்ஸில் ஒரு நாலணா எப்போதும் இருக்கும். முழங்காலை ஒட்டிப் பாவாடையிலும் சேலையிலும் ஒரு சின்னத் திறப்பு வைத்துத் தைத்திருந்தேன். அதன் வழியே காசை விட்டு, கண்ணை ஜன்னலில் வைத்துக்கொண்டு, ஒரு திருகு. மைனஸ் தலை, காசு கனகச்சிதமாக உட்காரும். பக்கத்துச் சீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

ஒருநாள் பஸ் எகிறிக் காசு கை நழுவி ஓடிவிட்டது. ஆலப்பாக்கம் தாண்டியிருந்தோம். பின்சீட்டில் பை நிறைய மருந்து சாம்பிள்களோடு உட்கார்ந்திருந்த ஒருவர் குனிந்து, சீட்டுக்கடியில் மண்டியிட்டு, யார் யாருடைய காலையோ நகர்த்தச் சொல்லி, காசை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர், சிதம்பரத்துக்காரர். வழக்கமாக இந்த இடத்தில் ஆண்கள் "குடுங்க, நான் டைட் பண்றேன்" என்பார்கள். இவர் காசைக் கொடுத்தார், தன் இடத்துக்குப் போனார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது அந்தத் திரும்பிக்கொண்டதுதான். அப்புறம் என்ன, அதே பஸ், அதே சீட்டு, ஒரு வருஷப் பேச்சு. கட்டினால் இவரைத்தான் என்று நானும், இவளைத்தான் என்று அவரும் முடிவுக்கு வந்தோம்.

அவருக்கு அப்பா இல்லை. எல்லாம் அம்மாதான். அந்த அம்மா, இனி அத்தை என்றே சொல்கிறேன், என்னைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் காபி டம்ளரைத் தொடவில்லை. நான் நடந்து வருவதை வாசல்படியிலிருந்து நாற்காலி வரை அளந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கோலம் போடுவியா?"

"உக்காந்து போடுவேன்."

"தண்ணி தூக்க முடியுமா?"

"உங்க வூட்ல மோட்டர் இருக்குன்னு சொன்னாரே."

என் அம்மா பின்னாலிருந்து என் இடுப்பில் கிள்ளினாள். எனக்கா வாய் நிற்கும்? அத்தை சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. கடைசியாக ஒன்று கேட்டார்.

"மணவறைய மூணு சுத்து சுத்தணும். எங்க ஜனம் மொத்தமும் உன் காலத்தான் பாக்கும். எம் புள்ள ஒனக்குத் தோள் குடுத்துத் தள்ளிக்கினு போறதோ, நாலு பேர் நாக்காலியில வச்சித் தூக்கறதோ, அதெல்லாம் என் கண்ணால பாக்க முடியாது. நீ என்னா சொல்ற?"

"நானே நடந்து சுத்துவேன். ஒருத்தரும் புடிக்க வேணாம்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லி முடித்ததும் அது எனக்கே வேண்டியதாகிவிட்டது. பள்ளிக்கூட விழாவிலிருந்து அக்கம்பக்கத்துக் கல்யாணம் வரை என்னை யாராவது ஒருவர் தூக்கி ஓரமாக உட்காரவைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். என் கல்யாணத்திலாவது நான் என் காலில் போக வேண்டும். அத்தை சம்மதிக்க ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. சம்மதித்த பிறகு, சொந்தக்காரர்கள் யார் இழுத்துப் பேசினாலும் "எம் மருமவ நடந்து சுத்துவா" என்றே பதில் சொன்னாராம். ஆக, வாக்கு என்னுடையது மட்டுமில்லை என்றாகிவிட்டது.

அங்கேதான் சிக்கல். மணவறையில் செருப்புப் போடக்கூடாது, என் காலிபரோ பூட்ஸில்தான் முடிகிறது. அக்னிக்குப் பக்கத்தில் பூட்ஸா என்று இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு. அம்மி மிதிக்க, மெட்டி போட, வெறும் விரல் வேண்டும். சரியென்று புதுச்சேரிப் பக்கம் போய்ப் புதிதாக ஒன்று செய்துகொண்டேன். பிளாஸ்டிக் பாதம், விரல்கள் வெளியே தெரியும், பூட்ஸே இல்லை. எடையும் கம்மி. போட்டுப் பார்த்து ஆசையாக நாலு நடை நடந்தேன். உட்கார்ந்து கீலைப் பார்த்தால், ச்சே, ஸ்டார் ஸ்க்ரூ!

"மைனஸ் இல்லையா?" என்று கேட்டேன்.

"இப்பல்லாம் ஸ்டார்தாம்மா வருது," என்றார் அதைச் செய்தவர். அதோடு முடிந்தது.

அந்த ஸ்க்ரூவுக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளி ஒன்றைக் கடை கடையாக ஏறித் தேடி வாங்கினேன். வீட்டில் தண்ணீர் டிரம்மை நடுக்கூடத்தில் வைத்து, அதுதான் அக்னி என்று பாவித்து, தினமும் சுற்றினேன். தம்பி டிரம்மில் தாளம் போடுவான். அம்மா சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சுற்றி முடித்ததும் திருப்புளியால் ஒரு இறுக்கு. ஒருநாளும் தடுமாறவில்லை.

இரண்டாயிரத்து ஏழு தை மாதம், சிதம்பரத்தில் மண்டபம். முகூர்த்த நாள் காலையில் அலங்காரம் முடிந்து, கூரைப்புடவை கட்டுவதற்கு முன்னால் எழுந்து நின்றேன். முழங்கால் லொடக்கென்று ஆடியது. வளையம் இறங்கவில்லை. ஸ்க்ரூ பாதி வெளியே வந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அழைப்பு ஊர்வலத்தில் காரில் ஏறி இறங்கிய குலுக்கல்.

"அம்மா, என் கைப்பையில திருப்புளி இருக்கு பாரு."

"அத எடுத்து வூட்ல வச்சிட்டேனே," என்றாள் அம்மா.

"என்னாது?"

"கல்யாணத்துக்குப் போற பொண்ணு பையில திருப்புளி எதுக்குடி? பூ, பொட்டு வைக்கற எடத்துல இரும்பு வேணாம்னுதான்..."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திருப்புளி கடலூரில் அலமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. போய் எடுத்து வருவதற்குள் முகூர்த்தம் முடிந்து பந்தியும் முடிந்துவிடும். அழுகை வந்தது. கண் மை கலையும் என்று பக்கத்தில் இருந்தவள் அதட்டியதால் அதையும் அடக்கிக்கொண்டேன்.

அப்போது என் தாய்மாமா வந்தார். நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடுகிறவர். போர்செட் மோட்டருக்காக அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். கரண்டு இருக்கிறதா என்று பார்க்கிற அந்தச் சின்ன டெஸ்டர்தான் அவருக்குத் திருப்புளி, ஆணி பிடுங்கி, பெயின்ட் டப்பா திறப்பான், காது குடைகிற குச்சி எல்லாம். கல்யாணத்துக்குப் பட்டுச் சட்டை போட்டிருந்தார். அதிலும் டெஸ்டர்.

"கழட்டிக் குடும்மா. மாமன் இருக்கையில ஒனக்கு என்னா கவல?"

"மாமா, அது ஸ்டாரு. டெஸ்டர் போட்டா தேஞ்சிரும்."

"எல்லாம் ஒண்ணுதான், குடு."

காப்புக் கட்டிய கல்யாணப்பெண் எந்த வேலையும் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். காலையிலிருந்து தண்ணீர் டம்ளரைக்கூட யாரோதான் என் வாயில் வைத்தார்கள். தாய்மாமன் முன்னால் நின்று கேட்கும்போது மறுக்கவும் முடியாது. காலிபரைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, பிளஸ் குறிக்குள் டெஸ்டரின் தட்டை முனையைக் குறுக்கே செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். ஸ்க்ரூ கோணலாக ஏறி மரையைக் கடித்துக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. டெஸ்டர் முனை முறுக்கிக்கொண்டு வளைந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நம் ஆண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஏதாவது கழற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "தள்ளு, நான் பாக்கறேன்" என்று வந்துவிடுவார்கள். ஜெனரேட்டர்க்காரர் பெரிய ஸ்டார் திருப்புளியோடு வந்தார். அது உள்ளேயே போகவில்லை, சுத்தியலால் தலையில் ஒரு போடு போட்டுப் பார்த்தார். வீடியோ எடுக்கிறவர் கேமராவுக்கு வைத்திருந்த சின்னத் திருப்புளியைப் போட்டுக் கரகரவென்று சுற்றினார். மொய்க் கவர் கட்டியிருந்த ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தினால் பிடிக்கும் என்றார் இன்னொருவர். பிடிக்கவில்லை. கட்டிங் பிளேயரால் கவ்விப் பார்த்தார்கள். தலை கூம்பு மாதிரி சரிந்திருந்ததால் அதுவும் வழுக்கியது. சமையல்காரர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். பந்திப் பக்கம், மேடைப் பக்கம், வாசல் பக்கம் என்று கைக்குக் கை மாறி, என் கால் எனக்கு முன்னாலேயே மண்டபத்தைச் சுற்றி வந்துவிட்டது. திரும்பி வந்தபோது பிளஸ் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. வழவழவென்று ஒரு குழி.

"பொண்ண அழைச்சிண்டு வாங்கோ, நேரம் ஆறது," என்று மேடையிலிருந்து ஐயர் குரல்.

மாமா தலையைச் சொறிந்தார். "பரவால்ல, வுடு. பிளாஸ்டிக் நாக்காலியில உக்கார வச்சி நாலு பேரு தூக்கிக்கினு சுத்திடறோம். நானே முன்னால புடிக்கறேன். மச்சான், நீங்க ஒரு பக்கம் வாங்க."

மச்சான் என்றது என் அப்பாவை. அவர் கண் என் பக்கம் வரவே இல்லை.

"நாக்காலியில ஏறமாட்டேன்," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நாக்காலின்னா எனக்குக் கல்யாணமே வேணாம். எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். விஷயம் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போயிருக்க வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தார். அரக்குப் பட்டு, இடுப்பில் சுருக்குப்பை. வந்தவர் யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை. மூலையில் கிடந்த காலிபரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆம்பளைங்கல்லாம் வெளிய போங்க. என்னா வேணும்னு அவளக் கேட்டீங்களா ஒருத்தராச்சும்?"

கேட்கவில்லை. உண்மையிலேயே ஒருவரும் கேட்கவில்லை. அத்தை என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு. ஒனக்கு என்னா வேணும்?"

"ஆக்ஸா பிளேடு."

"எதுக்கு?"

"ஸ்டாரத்தான் அழிச்சிட்டாங்களே. குறுக்க ஒரு கோடு அறுத்து மைனஸ் ஆக்கிட்டா திருப்பிடலாம்."

மேடையில் எங்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய அலங்காரக்காரரிடம் உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்று இருந்தது. அத்தையே போய் வாங்கிவந்தார். நான் கையை நீட்டியதும் அவர்கள் பக்கத்துப் பெரியம்மா ஒருத்தி பதறினாள்.

"ஐய, மஞ்சக் கையால இரும்பத் தொடறதா? முகூர்த்த நேரத்துல?"

"அவ கால்ல இருக்கறது என்னா, பஞ்சா? அதுவும் இரும்புதான்," என்றார் அத்தை. சொல்லிவிட்டுப் பட்டுப்புடவையோடு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். காலிபரை எடுத்து மடியில் கிடத்தி, கீல் மேலே வரும்படி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னாது இது, மருமவ கால மாமியார் புடிக்கறது!" என்றாள் அதே பெரியம்மா.

"நீ போய் வெத்தல பாக்கு தட்டப் பாரு," என்றார் அத்தை. பெரியம்மா போய்விட்டாள்.

நான் நாற்காலியில் முன்னால் சரிந்து அறுக்க ஆரம்பித்தேன். மருதாணிக் கையில் பிளேடு பிடிபடவில்லை. முதலில் வழுக்கி அத்தையின் கட்டைவிரலில் கீறிவிட்டது. ரத்தம் எட்டிப் பார்த்தது. "ஐயோ அத்த!" என்று நிறுத்தினேன்.

"ஒண்ணும் இல்ல, அறு."

அறுத்தேன். இரும்புத்தூள் அரக்குப் பட்டில் உதிர்ந்தது. கோடு விழுந்ததும் பிளேடை இப்படியும் அப்படியும் சாய்த்து அகலமாக்கினேன். வளையல் குலுங்கிக் குலுங்கி எனக்கே எரிச்சல். வெளியே நாதஸ்வரக்காரர்கள் எத்தனை தரம்தான் அதையே வாசிப்பது என்று ஓய்ந்துவிட்டார்கள். ஐயர் இன்னொரு தரம் கூப்பிட்டார். ஒருவழியாக ஆழமான, நேரான ஒரு மைனஸ் கிடைத்தது. டெஸ்டரோ வளைந்து கிடக்கிறது. கல்யாணப்பெண்ணிடம் பர்ஸ் ஏது?

"ஒரு காசு குடுங்க அத்த."

அத்தை சுருக்குப்பையை அவிழ்த்தார். உள்ளே வெற்றிலை, புகையிலை, சில நோட்டுகள், அப்புறம் ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சு. வேறு சில்லறை இல்லை. அந்த முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். சாமிக்கு வேண்டிக்கொண்டு முடிந்து வைக்கிற காசு அது என்று எனக்குத் தெரியும். வேண்டுதல் பலித்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும், அவிழ்த்து உண்டியலில் போட வேண்டும். அதுவரை வீட்டில் உப்புக்குக் காசில்லை என்றாலும் அதை யாரும் தொடமாட்டார்கள்.

"காளிக்கு முடிஞ்சது," என்றார். பிறகு பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்து அவிழ்த்தார். ஒற்றை ரூபாய். ரத்தம் பட்ட விரலாலேயே என்னிடம் நீட்டினார்.

நான் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று இந்த அம்மா சாமிக்கு முடிந்து வைத்திருக்கிறாரே! காலிபரோடு சேர்ந்து உள்ளே வந்திருந்த கட்டிங் பிளேயரால் காசைக் கவ்வி, அறுத்த கோட்டில் வைத்து, முதலில் பின்பக்கமாக ஒரு திருகு. கிறீச்சென்றது, விட்டுக்கொடுத்தது. நேராக்கி முன்பக்கம் திருகினேன். சுலபமாக ஏறியது. காலிபரைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். வளையம் டக்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்தை மாதிரி ஒரு மங்கள இசையை நான் அதுவரை கேட்டதில்லை.

மூன்று சுற்றும் நானே நடந்தேன். அவர் என் விரலைப் பிடித்திருந்தார், அது எல்லா மாப்பிள்ளைகளும் பிடிக்கிற பிடிதான். அம்மி மிதித்தேன், மெட்டி ஏறியது. முன்வரிசையில் மாமா வளைந்த டெஸ்டரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, எல்லாம் தன்னால்தான் நடந்தது என்கிற முகத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அப்போதே போய்விட்டது. அன்றைக்கு ஆளாளுக்கு வந்து கெடுத்தார்கள் என்பது நிஜம்தான். கெடுத்தவர்கள் எல்லாருமே நான் நடக்க வேண்டும் என்று வந்தவர்கள் என்பதும் நிஜம். ஜெனரேட்டர்க்காரருக்கு நான் யார்? சமையல்காரருக்கு நான் யார்? அந்த எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்த மனுஷரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர் நன்றாக இருக்க வேண்டும் என்றே தோன்றும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, "அத்த, அந்தக் காச உண்டியல்ல போடப் போகலாமா?" என்று கேட்டேன்.

"அது வேணாம். நீயே வச்சிக்க. ஒனக்குத்தான் ஒதவும்," என்றார். அதோடு பேச்சை மாற்றிவிட்டார். எனக்கு அது கொஞ்சம் ஆச்சரியம்தான், சாமி காரியத்தில் அப்படி விடுகிறவர் இல்லை அவர். என் வீட்டுக்காரர் அந்தக் காசில் ஒரு மெக்கானிக் கடையில் ஓட்டை போட்டு வாங்கிவந்தார். தாலிச் சரடில் எல்லாப் பெண்களும் ஊக்கு மாட்டியிருப்பார்கள், என் ஊக்கில் அந்த ஒற்றை ரூபாயும் தொங்கியது. பிளேயர் கடித்த தடம் அதன் மேல் இன்னும் இருந்தது. ஸ்க்ரூவை மாற்றித் தருகிறேன் என்று காலிபர் செய்தவர் எத்தனையோ முறை சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. உலகத்திலேயே காசு போட்டுத் திருப்புகிற ஸ்டார் ஸ்க்ரூ என்னிடம் மட்டும்தான் இருந்தது.

அத்தையும் நானும் சண்டை போடாமல் இருந்தோம் என்று சொன்னால் அது பச்சைப் பொய். சாம்பாரில் புளி ஜாஸ்தி என்பார், நான் பதில் சொல்வேன், இரண்டு நாள் முகம் தூக்கிக்கொள்வோம். ஆனால் என் மகள் வயிற்றில் இருந்த மாதமெல்லாம் ஏறிய எடை அந்தக் கீலைப் படுத்திய பாட்டுக்கு, தினம் காலையில் "டைட் பண்ணிக்கினியா?" என்று வாசலில் நின்று கேட்டது அவர்தான். கேட்காமல் ஒருநாளும் என்னை டவுன் பஸ்ஸுக்கு விட்டதில்லை. நாலணா செல்லாது என்று வந்தபோது என் பழைய காசையும் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்தவர் அவர்.

2012-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தையின் மூக்குக்கண்ணாடியில் காதுப் பக்கத்துக் கம்பி கழன்று தொங்கியது. கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடுகு அளவு ஸ்க்ரூ, நல்லவேளை மைனஸ். காசு அதற்குள் போகாது. நகவெட்டியின் முனையால் திருப்பிக்கொண்டிருந்தேன். கண்ணாடி இல்லாமல் அத்தைக்கு எதிரில் இருக்கிற முகம் தெரியாது, புகை மாதிரிதான். அதனால்தானோ என்னவோ, அன்றைக்குச் சொன்னார்.

"அந்தக் காசு இருக்குதே, ஒந்தாலியில."

"ஆமா."

"அது நீ நடக்கணும்னு முடிஞ்சது இல்ல."

"பின்ன?"

"இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு முடிஞ்சது."

நகவெட்டி என் கையில் அப்படியே நின்றது.

"ஒங்க வூட்டுக்கு வந்து ஒன்னப் பாத்துட்டுப் போனேன் பாரு, அன்னிக்கே முடிஞ்சிட்டேன். எம் புள்ள மனசு மாறணும், இந்தப் பொண்ணு வேணாம்னு அவன் வாயாலயே சொல்லணும்னு. அவன் சொல்லல. நாள் குறிச்சாச்சி, பத்திரிக அடிச்சாச்சி. அப்பவும் அவுக்க மனசு வரல. மண்டபத்துக்கும் இடுப்புல வச்சிக்கினுதான் வந்தேன். கடைசி நிமிசத்துல ஏதாச்சும் நின்னுபுடுமோன்னு ஒரு நப்பாச."

"நின்னுடுச்சே அத்த," என்றேன். "நான்தான் கல்யாணமே வேணாம்னு சொன்னேனே. நீங்க கேட்டது கெடச்சிதே. சும்மா நின்னிருந்தாலே போதுமே."

"ஆமா. கெடச்சிது." அத்தை புகையிலையை ஒதுக்கிக்கொண்டார். "அத கேட்டுட்டுத்தான் உள்ள வந்தேன். வந்து பாத்தா, நீ அழுவல. என்னா வேணும்னு கேட்டேன், ஆக்ஸா பிளேடுன்ன. எனக்கு அங்கயே போதும்னு ஆயிடுச்சி. கை தன்னால முடிச்ச அவுத்துடுச்சி. அதான் உண்டியல்ல போடல. காளி குடுக்க வந்தத நான்தான வேணாம்னேன்?"

கடுகு ஸ்க்ரூவை இறுக்கி முடித்தேன். தலை வழுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து அவர் முகத்தில் மாட்டிவிட்டேன். இப்போது என் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

"கோவமா?" என்று கேட்டார்.

"கோவம்தான்."

"இருக்கட்டும்," என்றார். அவர் கட்டைவிரலில் நான் கீறிய கோடு இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மகள் தூங்கி எழும் வரைக்கும் விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை கீல் லேசாக ஆடியது. ஊக்கிலிருந்து காசைக் கழற்றி, இறுக்கிக்கொண்டு, திரும்ப மாட்டிக்கொண்டேன். பிறகு நடந்தே காளி கோயிலுக்குப் போய், பர்ஸிலிருந்து வேறொரு ரூபாயை எடுத்து உண்டியலில் போட்டேன். வேண்டாம் என்று அவர் திருப்பிவிட்ட வேண்டுதலுக்கு, அத்தைக்குப் பதிலாக நான் செலுத்தியது.